ஸ்டாப் அமுக்கியும் நிற்காத மோட்டார்

கேள்வி: ஐயா, வணக்கம். இரணியல் பக்கம் எங்களுக்கு ஒரு தும்பு ஆலை, அதாவது தேங்காய்க் கதம்பையிலிருந்து (மட்டையிலிருந்து) நார் எடுக்கும் ஆலை இருக்கிறது. அப்பா நடத்தினார், மூன்று வருடமாக நான் பார்த்துக்கொள்கிறேன். கதம்பை அடிக்கும் டிரம்முக்கு 30 எச்.பி. மோட்டார், சல்லடைக்கு 5 எச்.பி., இரண்டு கன்வேயருக்கும் தலா 3 எச்.பி. இந்த மோட்டார்களைப் போட்டு அணைக்கும் பழைய பேனல் பெட்டி துருப்பிடித்துவிட்டது. மாற்றலாம் என்று இரண்டு பேரிடம் விலை கேட்டேன். ஒருவர் சொன்னதைவிட மற்றவர் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு சொல்கிறார். கேட்டால் “எல்லாம் விதிப்படி செய்வேன்” என்கிறார். பார்வைக்கு இரண்டு பெட்டியும் ஒன்றுபோலத்தான் இருக்கும்போல. அந்த ‘விதிப்படி’யில் உண்மையில் என்ன இருக்கிறது? இன்னொன்று, மழைக்காலத்தில் கரண்ட் அடிக்கடி போய் வருகிறது. தோட்டத்து பம்பு செட்டுக்கு வைப்பதுபோல ‘ஆட்டோ’ வைத்தால் கரண்ட் வந்ததும் தானாக ஓடுமே, வைக்கலாமா? மழை நாளில் டிரம் பக்கத்தில் இருக்கும் ஸ்டாப் பட்டனும் சரியாக வேலை செய்வதில்லை. இரண்டு மூன்று தடவை அமுக்க வேண்டியிருக்கிறது. புதுப் பேனல் வந்தால் அதுவும் சரியாகிவிடும்தானே?

பதில்: தம்பி, உங்கள் கடிதத்தின் கடைசி வரிகளிலிருந்து தொடங்குகிறேன். விலை, விதி, ஆட்டோ எல்லாம் அப்புறம். ஸ்டாப் பட்டனை இரண்டு மூன்று தடவை அமுக்க வேண்டியிருக்கிறது என்பதைப் போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்கள். இருபத்தைந்து வருடத்துக்கு மேலாக நாகர்கோவிலில் பேனல் செய்கிறவன் என்ற முறையில் சொல்கிறேன், நீங்கள் எழுதியதிலேயே அவசரமான வரி அதுதான். புதுப் பேனல் வரும்வரை அதை இப்படியே விட்டு வைக்காதீர்கள். நாளை காலை டிரம்மை ஓட்டுவதற்கு முன்னால் அதைச் சரி செய்யுங்கள்.

அங்கே என்ன நடக்கிறது என்று சொல்கிறேன். மோட்டாருக்குக் கரண்டைச் சேர்த்துத் துண்டிக்கும் காந்த சுவிட்சுக்குக் கான்டாக்டர் என்று பெயர்; அதை இழுத்துப் பிடிக்கும் கம்பிச் சுருள்தான் காயில். உங்கள் அப்பா காலத்துப் பேனலில் அந்தக் காயில் 415 வோல்ட் காயிலாகத்தான் இருக்கும். அந்தக் காலத்தில் எல்லோரும் அப்படித்தான் செய்தார்கள், இன்றும் பலர் செய்கிறார்கள். ஒரு ஃபேஸ் ஸ்டாப் பட்டன், ஸ்டார்ட் பட்டன் வழியாகக் காயிலின் ஒரு முனைக்கு வருகிறது. மறுமுனை இன்னொரு ஃபேஸில் இருக்கிறது. ஸ்டாப்பை அமுக்கினால் முதல் ஃபேஸ் துண்டாகும், காயில் விடும், மோட்டார் நிற்கும். வெயில் காலத்தில் இது ஒழுங்காகவே நடக்கும்.

ஆடிச் சாரலில் பட்டன் பெட்டிக்குள் தண்ணீர் இறங்குகிறது என்று வையுங்கள். ஸ்டாப்பைத் தாண்டி வரும் வயரிலிருந்து எர்த் ஆன இரும்புப் பெட்டிக்கு ஈரத்தின் வழியாக ஒரு கசிவு உண்டாகிறது. சில ஆயிரம் ஓம் கசிவுதான். ஃபியூஸ் எரிய அது போதாது. இப்போது நீங்கள் ஸ்டாப்பை அமுக்குகிறீர்கள். முதல் ஃபேஸ் துண்டாகிவிட்டது. ஆனால் காயிலின் ஒரு முனை ஈரத்தின் வழியாக எர்த்தைத் தொட்டுக்கொண்டிருக்கிறது, மறுமுனையில் இன்னும் ஃபேஸ் இருக்கிறது. ஃபேஸுக்கும் எர்த்துக்கும் நடுவே 240 வோல்ட். அது 415-இல் 58 சதவீதம். ஒரு கான்டாக்டரை இழுக்க ஏறக்குறைய முழு வோல்டேஜ் வேண்டும், ஆனால் ஏற்கெனவே இழுத்ததைப் பிடித்து வைத்திருக்க அவ்வளவு வேண்டாம். கான்டாக்டருக்கான சர்வதேசத் தரமான ஐ.இ.சி. 60947-ஏ 75 சதவீதத்துக்கும் 20 சதவீதத்துக்கும் இடையில் எங்கே வேண்டுமானாலும் அது விடலாம் என்றுதான் சொல்கிறது. ஆக 58 சதவீதத்தில் உங்கள் கான்டாக்டர் விடாமல் பிடித்துக்கொண்டு நிற்பதில் அதிசயமே இல்லை. பட்டனிலிருந்து கையை எடுத்ததும் முதல் ஃபேஸ் திரும்ப வந்துவிடும், மோட்டார் எதுவுமே நடக்காததுபோல ஓடும். ஈரம் கொஞ்சம் கூடக் குறைய இருக்கும் ஏதோ ஒரு நொடியில், மூன்றாவது தடவை அமுக்கும்போது, அது விடுகிறது. நீங்களும் பட்டன் பழசு என்று நினைத்துக்கொள்கிறீர்கள்.

கான்டாக்டர் காந்தத்தின் முகத்தில் பிசின் படிந்தாலும், கரண்டைச் சேர்க்கும் பாயிண்ட் லேசாக ஒட்டிக்கொண்டாலும் இதே மாதிரி ஆகும். ஆனால் மழையில் மட்டும் என்றால் நான் முதலில் சந்தேகப்படுவது ஈரக் கசிவைத்தான். உரிமம் உள்ள எலக்ட்ரீஷியனை வைத்து, மெயினை அணைத்து, பட்டன் பெட்டிக்குப் போகும் வயர்களைப் பேனல் பக்கத்தில் கழற்றி, 500 வோல்ட் மெக்கரில் (கசிவைக் காட்டும் மீட்டர்) எர்த்துக்கு அளக்கச் சொல்லுங்கள். ஒரு மெகா ஓமுக்குக் கீழே காட்டினால் வயரையும் பட்டன் பெட்டியையும் மாற்றிவிடுங்கள். புதுப் பெட்டியில் வயர் அடிப்பக்கமாக நுழையட்டும். மேலே துளை போட்டால் வயரைப் பிடித்துக்கொண்டு மழைத்தண்ணீர் நேராக உள்ளே இறங்கும்.

புதுப் பேனல் வந்தால் இது சரியாகிவிடுமா என்றால், எப்படிப்பட்ட பேனல் என்பதைப் பொறுத்தது. அதே 415 வோல்ட் காயிலை வைத்துப் புதுப் பெட்டியில் செய்தால் இரண்டாவது மழைக்காலத்தில் அதே கதைதான். இதற்கு மருந்து கன்ட்ரோல் ட்ரான்ஸ்ஃபார்மர். 415-ஐ 110 வோல்ட்டாக இறக்கும் சின்ன ட்ரான்ஸ்ஃபார்மர் அது. அதன் 110 வோல்ட் பக்கத்தில் ஒரு முனையை எர்த் செய்துவிடுவார்கள், காயில்களின் ஒரு முனை எல்லாம் நேராக அங்கே சேரும். மறுமுனையில் ஃபியூஸ், அதற்குப் பிறகுதான் ஸ்டாப், ஸ்டார்ட், ரிலே பாயிண்ட் எல்லாம். இந்த அமைப்பில் பட்டன் வயர் எர்த்தைத் தொட்டால் என்ன ஆகும்? ஸ்டாப்பை அமுக்கியதும் காயிலின் இரண்டு முனையும் எர்த் பக்கமே நிற்கும். வோல்டேஜ் பூஜ்யம், காயில் விட்டே ஆக வேண்டும். கசிவு பெரிதாக இருந்தால் ஃபியூஸ் போகும், அப்போதும் மோட்டார் நிற்கும். கன்ட்ரோல் வயர் எர்த்தைத் தொட்டாலும் இயந்திரம் தானாக ஓடவோ நிற்காமல் போகவோ கூடாது என்று இயந்திரங்களின் மின் அமைப்புக்கான ஐ.இ.சி. 60204-1 தரம் கேட்பது இதைத்தான். நீங்கள் கேட்ட ‘விதிப்படி’யில் நான் உயிராக நினைக்கும் பகுதி இது. குறைந்த விலை சொன்னவரிடம் முதல் கேள்வியாக இதையே கேளுங்கள்: கன்ட்ரோல் ட்ரான்ஸ்ஃபார்மர் உண்டா, அதன் எந்த முனை எர்த், ஓவர்லோடு ரிலேயின் (மோட்டார் அளவுக்கு மேல் கரண்ட் இழுத்தால் நிறுத்தும் ரிலே) பாயிண்ட் காயிலுக்கு எந்தப் பக்கம். பதில் சொல்லத் தடுமாறினால் விலை வித்தியாசம் எங்கிருந்து வந்தது என்று உங்களுக்கே தெரிந்துவிடும்.

இனி ஆட்டோ. வைக்கக் கூடாது. கிணற்றடி மோட்டாருக்கு அது பொருந்தும், அங்கே பம்புக்குள் யாரும் கை விடுவதில்லை. உங்கள் ஆலையில் கரண்ட் போனதும் ஆட்கள் முதலில் என்ன செய்கிறார்கள் என்று ஒருநாள் நின்று பாருங்கள். டிரம்முக்குள் பாதி அடிபட்டு நிற்கும் கதம்பையை இழுத்தெடுக்கக் கையை விடுவார்கள். சல்லடையில் சுற்றிய தும்பைப் பிய்ப்பார்கள். இயந்திரம் நின்றுவிட்டது, கரண்டும் இல்லை, பயமில்லாமல் கை வைக்கும் நேரம் அதுதான். அந்த நேரத்தில் கரண்ட் வந்து தானாக ஓடினால் என்ன ஆகும் என்று நான் எழுத வேண்டாம்.

ஆனால் நான் பார்த்த ஒன்றை எழுதுகிறேன். 2017 நவம்பர் 30-ஆம் தேதி ஓகி புயல் அடித்தபோது நம் மாவட்டத்தில் கம்பங்கள் சாய்ந்து எத்தனையோ ஊர்களில் நாட்கணக்கில் கரண்ட் இல்லை என்பது உங்களுக்கும் நினைவிருக்கும். அப்போது ஓர் ஆலையில் பேனலுக்குள் தண்ணீர் போனதைப் பார்க்க என்னைக் கூப்பிட்டிருந்தார்கள். அங்கே கன்வேயருக்குப் புஷ் பட்டன் இல்லை, திருகி விடும் சுவிட்ச் போட்டிருந்தார்கள். புயலன்று ஆன் நிலையில் இருந்தது அப்படியே இருந்திருக்கிறது. கூரையிலிருந்து விழுந்த ஓட்டுத் துண்டுகளைக் கன்வேயர் பெல்ட்டிலிருந்து ஒருவர் பொறுக்கிக்கொண்டிருந்தபோது கரண்ட் வந்தது. நான் ஷெட் வாசலில் நின்றேன். ஓடிப்போய் மெயினை அணைப்பதற்குள் அவருடைய வலது கையில் இரண்டு விரல் போய்விட்டது. அன்றிலிருந்து எந்த ஆலைக்கும் திருகு சுவிட்ச் வைத்து நான் பேனல் கொடுத்ததில்லை, யார் கேட்டாலும் கொடுக்க மாட்டேன்.

புஷ் பட்டனும் கான்டாக்டரும் சேர்ந்த சாதாரண ஸ்டார்ட்டரில் கரண்ட் போனால் கான்டாக்டர் விட்டுவிடும். திரும்ப ஒரு மனிதக் கை ஸ்டார்ட்டை அமுக்காமல் ஓடாது. நீங்கள் தொல்லை என்று நினைக்கும் அதுதான் பாதுகாப்பு. ஆட்டோ என்பது அதை எடுத்தெறியும் சாமான்.

தொழில்நுட்ப ரீதியாகவும் அது உங்களுக்கு உதவாது. 30 எச்.பி. என்பதால் உங்கள் டிரம் ஸ்டார்-டெல்டாவில்தான் ஓடும்; அதாவது முதலில் ஸ்டார் இணைப்பில் மெதுவாகத் தொடங்கி, டைமர் முடிந்ததும் டெல்டா இணைப்புக்கு மாறும். ஸ்டாரில் மோட்டாருக்குக் கிடைக்கும் திருகு விசை நேரடி ஸ்டார்ட்டில் கிடைப்பதில் மூன்றில் ஒரு பங்குதான். டிரம் காலியாக இருந்தால் அது போதும். உள்ளே கதம்பை சிக்கியிருக்கும்போது கரண்ட் வந்து தானாக ஸ்டார்ட் ஆனால் டிரம் நகராது. டைமர் முடிந்ததும் நகராத மோட்டாரை டெல்டாவுக்குத் தள்ளும், ஆறு ஏழு மடங்கு கரண்ட் இழுக்கும். ஓவர்லோடு ரிலே சரியாக இருந்தால் டிரிப் ஆகும். சரியாக இல்லாவிட்டால் மோட்டார் கருகி, காயில் கட்டுகிறவரிடம் போகும்.

அந்த ரிலேயையும் ஒரு தடவை பார்த்துவிடுங்கள். 30 எச்.பி. என்றால் 22 கிலோவாட், 415 வோல்ட்டில் முழுச் சுமையில் ஏறத்தாழ 40 ஆம்பியர். ஸ்டார்-டெல்டாவில் ரிலே பெரும்பாலும் மெயின் கான்டாக்டருக்கு அடுத்து, மோட்டாரின் வைண்டிங்குக்கு (உள்ளே இருக்கும் கம்பிச் சுருளுக்கு) போகும் வழியில் இருக்கும். அங்கே ஓடுவது 40 அல்ல, அதில் 58 சதவீதம், அதாவது 23 ஆம்பியர். மோட்டார் பிளேட்டில் எழுதியிருக்கிறது என்று ரிலேயை 40-இல் திருப்பி வைத்திருப்பதை நான் எத்தனையோ இடத்தில் பார்த்திருக்கிறேன். அப்படி வைத்தால் மோட்டார் கிட்டத்தட்ட ஒன்றே முக்கால் மடங்கு சுமையில் வெந்தாலும் ரிலே பேசாமல் இருக்கும். டிரம் கனமானது, வேகம் பிடிக்க நேரம் எடுக்கும். அதனால் ஸ்டார்ட் ஆகும்போதே டிரிப் ஆகிறது என்று யாரோ திருப்பி வைத்திருக்கலாம். அதற்கு வழி ரிலேயின் கிளாஸை மாற்றுவது. கிளாஸ் 10 ரிலே 7.2 மடங்கு கரண்டில் 10 நொடிக்குள் டிரிப் ஆகும், கிளாஸ் 20 ரிலே அதற்கு 20 நொடிவரை எடுத்துக்கொள்ளலாம். டிரம் வேகம் பிடிக்க எத்தனை நொடி என்று கடிகாரம் வைத்துப் பார்த்து, அந்த எண்ணைப் பேனல் செய்கிறவரிடம் கொடுங்கள். ஒரு ஃபேஸ் போனால் நிறுத்தும் ரிலேயும் வையுங்கள். ஃபேஸ் வரிசை மாறினாலும் அது நிறுத்தும் வகையாக வாங்குங்கள். லைனில் வேலை பார்த்த பிறகு டிரம் தலைகீழாகச் சுற்றுவது நம் ஊரில் நடக்கிற ஒன்று.

கரண்ட் போய் வந்தபின் ஒவ்வொன்றாக ஸ்டார்ட் செய்ய நேரம் ஆகிறது என்பதுதான் உங்கள் உண்மையான குறை என்றால் அதற்கு நல்ல வழி இருக்கிறது. ஒரே ஸ்டார்ட் பட்டன் வையுங்கள். அதை ஒரு மனிதர் டிரம் பக்கம் பார்த்துவிட்டு அமுக்கட்டும். முதலில் பத்து நொடி சைரன் அடிக்கட்டும். பிறகு வெளியேற்றும் கன்வேயர், சல்லடை, டிரம், கடைசியாகக் கதம்பை ஏற்றும் கன்வேயர் என்று டைமர் வழியாக வரிசையாக ஓடட்டும். டிரம் எந்தக் காரணத்தால் நின்றாலும் ஏற்றும் கன்வேயர் அதே நொடியில் நிற்கும்படி இன்டர்லாக் வையுங்கள். அப்போது டிரம்மில் சிக்குவதே குறையும். கை விட வேண்டிய தேவையும் குறையும்.

எப்படியிருந்தாலும் சில நேரம் கை விட வேண்டிவரும். அதற்கு டிரம் பக்கத்திலேயே பூட்டுப் போடக்கூடிய ஐசொலேட்டர் (லைனை முழுதாகத் துண்டிக்கும் சுவிட்ச்) ஒன்று வேண்டும். பேனல் இன்னோர் அறையில் இருக்கும்போது அங்கே போய் அணைத்துவிட்டு வா என்றால் அவசரத்தில் யாரும் போக மாட்டார்கள். உள்ளே கை விடுகிறவர் ஐசொலேட்டரை அணைத்து, பூட்டி, சாவியைத் தன் மடியில் வைத்துக்கொள்ள வேண்டும். முதலாளியிடமோ மேஸ்திரியிடமோ இன்னொரு சாவி இருக்கக் கூடாது. தற்செயலாக ஆன் ஆகக்கூடிய சுவிட்சைப் பூட்டி வைக்க ஏற்பாடு வேண்டும் என்று தொழிற்சாலைகள் சட்டம் 24-ஆவது பிரிவிலேயே எழுதியிருந்தார்கள். இன்னும் ஒன்று, அணைத்த பிறகும் கனத்த டிரம் வெகுநேரம் சுற்றும். மூடியைத் திறக்க விடாத ஒரு பூட்டை, டிரம் முழுதாக நின்றபின்தான் விடும்படி வைக்கலாம். காசு அதிகமாகும், ஆனால் உங்கள் ஆலையில் நான் முதலில் காசு போடும் இடம் அதுதான்.

சரி, இரண்டு விலைக்கு வருகிறேன். கூடுதல் விலை எல்லாமே நியாயம் என்றும் சொல்ல மாட்டேன். உதாரணமாக ஷார்ட் சர்க்யூட் தாங்கும் திறனைக் கேளுங்கள். உங்களுக்கு லைன் வரும் ட்ரான்ஸ்ஃபார்மர் 250 கே.வி.ஏ. என்று வையுங்கள். அதன் முழுச் சுமைக் கரண்ட் ஏறத்தாழ 348 ஆம்பியர், ஷார்ட் கரண்டைக் கட்டுப்படுத்தும் அதன் உள் தடை (இம்பிடன்ஸ்) 4.5 சதவீதம். முன்னதைப் பின்னதால் வகுத்தால் ட்ரான்ஸ்ஃபார்மர் வாசலிலேயே 7,700 ஆம்பியர் சுமார். உங்கள் ஆலைக்கு வரும் கேபிளில் அது இன்னும் குறையும். ஆக மெயினுக்கு 16 கிலோ ஆம்பியர் எம்சிசிபி (ஷார்ட் வந்தால் தானாகத் துண்டிக்கும் பெரிய சுவிட்ச்) தாராளம். 50 கிலோ ஆம்பியர் போட்டு விலையை ஏற்றியிருந்தால் ஏன் என்று கேளுங்கள். மறுபக்கம், தாங்கும் திறனே எழுதாத மலிவு சுவிட்ச் போட்டிருந்தால் ஷார்ட் ஆகும் நாளில் அது துண்டிக்காது, வெடிக்கும். ட்ரான்ஸ்ஃபார்மர் எத்தனை கே.வி.ஏ., எவ்வளவு தூரம் என்று உங்களிடம் கேட்காமலே விலை சொன்னவர் இந்தக் கணக்கைப் போடவில்லை என்று அர்த்தம். இரண்டு பேரில் யார் கேட்டார் என்று யோசித்துப் பாருங்கள்.

ஷார்ட் வந்த பிறகு ஸ்டார்ட்டர் என்ன நிலையில் இருக்க வேண்டும் என்பதற்கு டைப் 1, டைப் 2 என்று இரண்டு வகை உண்டு. இரண்டிலும் ஆளுக்கு ஆபத்து வரக் கூடாது. டைப் 1-இல் கான்டாக்டரையும் ரிலேயையும் மாற்ற வேண்டிவரலாம், டைப் 2-இல் திரும்ப ஓட்டலாம். டிரம்முக்கு டைப் 2 கேளுங்கள். 3 எச்.பி. கன்வேயருக்கு டைப் 1 போதும், ஒரு கான்டாக்டரை வாங்கி வைத்துக்கொண்டால் சரியாகிவிடும்.

பெட்டிக்கான தரம் ஐ.எஸ்./ஐ.இ.சி. 61439. சின்னப் பட்டறைக்காரரால் அதைச் செய்ய முடியாது என்று சிலர் சொல்வார்கள். முடியும். 630 ஆம்பியருக்குள் இருக்கும் ஒற்றை அறைப் பெட்டிக்கு உள்ளே சூடு எவ்வளவு ஏறும் என்பதை, சோதனைக் கூடத்துக்குப் போகாமல் கணக்குப் போட்டே காட்ட அந்தத் தரம் அனுமதிக்கிறது. அந்தக் கணக்கைக் கேளுங்கள். வரைபடம், வரைபடத்தில் உள்ள எண்ணே ஒவ்வொரு வயரிலும், வெளியே பெயர்ப் பலகை, சோதனை அறிக்கை, இவற்றைப் பேனலோடு சேர்த்துக் கொடுக்க வேண்டும். வரைபடம் தராத பேனலை வாங்காதீர்கள். பத்து வருடம் கழித்து ராத்திரி மழையில் பழுது பார்க்க வருகிறவருக்கு அந்தத் தாள்தான் கண்.

தும்பு ஆலைக்கே உரிய ஒரு தொல்லை தூசி. பேனலில் ஃபேன் வைக்கலாம் என்று யாராவது சொன்னால் வேண்டாம் என்று சொல்லுங்கள். ஒரு வாரத்தில் வடிகட்டி அடைத்துவிடும், அடைக்காவிட்டால் நார்த்தூள் உள்ளே போய்க் கான்டாக்டர் மேல் படியும். அது ஈரத்தில் கரண்டைக் கசியவிடும், காய்ந்தால் பொறி பட்டுக் கனலும். தூசி புகாத ஐ.பி. 65 பெட்டி, தேவைக்கு மேல் ஓர் அளவு பெரிதாக, அடிப்பக்கம் மட்டும் கேபிள் நுழைவு, பயன்படாத துளைக்கெல்லாம் மூடி. முடிந்தால் டிரம் ஷெட்டுக்கு வெளியே தனி அறையில், காற்று வரும் திசைக்கு மறுபக்கம். நம் மாவட்டத்துக்கு இரண்டு பருவமழையும் உண்டு, கடல் உப்பும் காற்றில் வரும். அலுமினியக் கேபிளைச் செம்பு முனையில் நேராக முறுக்கினால் அந்த இணைப்பு சீக்கிரம் அரிக்கும், சூடாகும். ஒரு பக்கம் அலுமினியமும் மறுபக்கம் செம்பும் உள்ள இரு உலோக லக் போடச் சொல்லுங்கள். விலை பெரிதல்ல.

பேனலுக்கு முன்னால் ஒரு மீட்டர் இடம் எப்போதும் காலியாக இருக்க வேண்டும். மத்திய மின்சார ஆணையத்தின் பாதுகாப்பு விதிகளில் உள்ளது இது. பின்பக்கம் இணைப்புகள் இருந்தால் சுவரோடு 20 சென்டிமீட்டருக்குள் ஒட்டி இருக்க வேண்டும், இல்லாவிட்டால் ஆள் நடமாட 75 சென்டிமீட்டருக்கு மேல் இருக்க வேண்டும். அந்த ஒரு மீட்டரில் தும்புக் கட்டுகளை அடுக்கும் பழக்கம் எல்லா ஆலையிலும் இருக்கிறது. தரையில் மஞ்சள் கோடு போட்டுவிடுங்கள். ஒவ்வொரு மோட்டார் உடம்புக்கும் தனித்தனியாக இரண்டு எர்த், லீக்கேஜ் வந்தால் துண்டிக்கும் ரிலே, இரண்டும் அதே விதிகளில் வருபவை. இதில் பேரம் வேண்டாம்.

பேனல் வந்து பொருத்திய அன்று கடைசித் தவணைப் பணத்தைக் கொடுப்பதற்கு முன் மூன்றைச் செய்து காட்டச் சொல்லுங்கள். டிரம் காலியாக ஓடும்போது மெயினை அணைத்துத் திரும்பப் போடட்டும். எதுவும் தானாக ஓடக் கூடாது. சிவப்புக் காளான் பட்டனை (அவசர ஸ்டாப்) அமுக்கிவிட்டு, பிறகு விடுவிக்கட்டும். விடுவித்ததற்காக ஓடக் கூடாது. அப்புறம் மெயினை அணைத்து ஸ்டாப் பட்டனின் ஒரு வயரைக் கழற்றிவிட்டு, மெயினைத் திரும்பப் போட்டு ஸ்டார்ட் செய்து பார்க்கட்டும்; ஓடவே கூடாது. நான்காவதாக ஒன்று உண்டு, அதைப் பட்டறையிலேயே, பேனல் வண்டியில் ஏறும் முன் பார்த்துவிட வேண்டும். ஸ்டாப்பைத் தாண்டிய பட்டன் வயரை எர்த்தில் தொட வைத்துவிட்டு ஸ்டாப்பை அமுக்கச் சொல்லுங்கள்; கான்டாக்டர் விடாமல் பிடித்துக்கொண்டு நிற்கக் கூடாது. உங்கள் பழைய பேனல் தோற்கும் சோதனை அது. நீங்களே நேரில் போய் நில்லுங்கள், டிரம் ஓட்டுகிறவரையும் கூட்டிப் போங்கள்.

நாளை மெக்கரில் என்ன காட்டியது என்று எனக்கு ஒரு வரி எழுதுங்கள். வயரை மாற்றிய பிறகும் மழையில் ஸ்டாப் தடுமாறினால் டிரம்மை ஓட்டாமல் நிறுத்தி வையுங்கள், கான்டாக்டரைத் திறந்து பார்த்துவிடலாம்.